வட்டி போர்டில் நான் மாற்றாமல் விட்ட எண்

அந்தத் திங்கட்கிழமை காலை எங்கள் ஏற்காடு கிளையில் இருந்தது ஐந்து பேர். மேனேஜர், கேஷியர் அம்மா, கரடியூரில் காட்டேஜ் நடத்தும் ராஜாங்கம், மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற சலோமி அக்கா, அப்புறம் அட்டெண்டராகிய நான்.

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். வட்டி விகித போர்டில் எண் தகடுகளை மாற்றுவது என் வேலைகளில் ஒன்று. ஸ்டூலில் ஏறிப் பழைய எண்ணை எடுத்துவிட்டுப் புதியதைச் சொருக வேண்டும். அந்த வருஷம் வட்டி இறங்கிக்கொண்டே போனது. நான் ஸ்டூலைத் தூக்கினாலே, "வந்துட்டான்யா, இன்னிக்கு எவ்வளவு கொறைக்கறானோ" என்பார்கள். யார் முகத்தையும் பார்க்காமல் ஏறுவேன்.

முந்தைய வெள்ளிக்கிழமை சர்க்குலர் வந்தது. ஐந்து வருஷ டெபாசிட்டுக்கு 6.00 இல்லை, இனி 5.40. தகடுகளோடு போனால், போர்டைப் பார்த்துச் சலோமி அக்கா ஒரு சீட்டில் எழுதிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் எண்ணை இறக்க எனக்கு மனசு வரவில்லை. திங்கட்கிழமை மாற்றலாம் என்று ஸ்டூலை உள்ளே வைத்துவிட்டேன்.

அவர் எழுதியது வாடகைக் கணக்கு. நாலு லட்சத்துக்கு ஆறு வட்டி, மாதம் இரண்டாயிரம். அதை நம்பிச் சனிக்கிழமையே ஒண்டிக்கடைப் பக்கம் இரண்டாயிரம் வாடகையில் ஒரு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை பணத்தைக் கட்டி ரசீதை வாங்கியவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"ஏனுங்க சார், போர்டுல ஆறுன்னு இருக்குது. இதுல அஞ்சு நாப்பது போட்டிருக்கீங்க?"

மேனேஜர் போர்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மாணிக்கம், சர்க்குலர் வெள்ளிக்கிழமையே வந்துச்சே?"

"மறந்துட்டேனுங்க சார்." அது பொய்.

"ஏன் சார் இப்பிடிக் கொறையுது?" என்றார் அக்கா.

"கவர்மெண்டு பத்திரம் போட்டுக் கடன் வாங்குதும்மா. அந்தப் பத்திரத்தை ரிசர்வ் பேங்க் பேங்குககிட்ட இருந்து நிறைய வாங்குது. பெரிய வியாபாரி ஒருத்தர் வந்து மிளகு மொத்தத்தையும் கேட்டா என்னாகும்?"

"வெலை ஏறும்."

"பத்திரமும் அப்படித்தான். அது தர்ற வட்டித் தொகை மாறாது. அதிக விலை கொடுத்து வாங்கினவனுக்கு வருமானம் குறையும். ஊரெல்லாம் வட்டி அதைப் பார்த்துத்தான் இறங்குது. பத்திரத்தை வித்த பேங்குகள்லயும் பணம் குவிஞ்சு கெடக்கு. பிறகு உங்க பணத்துக்கு யாரு கூடக் கொடுப்பா?"

ராஜாங்கம் சிரித்தார். "எனக்கு நொம்ப நல்லதுங்க. லோன் வட்டி கொறைஞ்சுது. காட்டேஜுக்கு மேல ஒரு மாடி எடுக்கறேன்."

"எடுங்க, எடுங்க. அதுல ஒரு வரிசைக் கல்லு என்ற ஊட்டு வாடகைல இருந்து போறாப்புல இருக்குது," என்றார் அக்கா.

வேறு பேங்குகளிலும் அதே வட்டிதான். அட்வான்ஸும் திரும்பாது. ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். மாதம் இருநூறு ரூபாய் குறைந்தது.

அடுத்த மாதம் இருநூறு ரூபாயோடு அவர் வீட்டுக்குப் போனேன்.

"என்ன மாணிக்கம், தருமமா?"

"இல்லீங்க்கா. அன்னிக்கு நான் மறக்கலைங்க. உங்களைப் பாத்து எண்ணை மாத்தாம உட்டுட்டேன்."

அக்கா, "வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தீன்னா ஆயிரத்து எண்ணூறுக்கு ஒரு ஊடு பாத்திருப்பேனேப்பா" என்றார். பணத்தை வாங்கிக்கொண்டார், அடுத்தடுத்த மாதங்களிலும்.

பிற்பாடு விலைவாசி ஏறியது, பத்திரம் வாங்குவதிலிருந்து ரிசர்வ் பேங்கும் கையை இழுத்துக்கொண்டது. வட்டி ஏறத் தொடங்கியது. உற்சாகமாகத் தகடு சொருகினேன். கீழே சலோமி அக்கா குரல்: "என்ற பணத்தை அஞ்சு வருசத்துக்குக் கட்டிப் போட்டுட்டு இப்ப ஏத்தறயாக்கு!"

போன மாதம் ஓய்வு பெற்றேன். இப்போது ஸ்டூலில் ஏறுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். வட்டியைக் குறைப்பது நம் கையில் இல்லை. குறைந்ததை மறைப்பது மட்டும்தான் நம் கையில். இரக்கப்பட்டாலும் எண்ணை மாற்றிவிட்டு இரக்கப்படுங்கள்.

அக்காவின் டெபாசிட் முடிய இன்னும் ஏழு மாதம். நான் தர வேண்டிய பாக்கி, ஆயிரத்து நானூறு ரூபாய்.