ஆள் எப்படி இருப்பாள்?

வட்டம், சதுரம், முக்கோணம் எல்லாம் டஃப்ரோசா டீச்சருக்கு ஆங்கிலத்தில் ஒரே வாரத்தில் வந்துவிட்டன. பானை ரவுண்ட். எதிர்க் குன்றின் உச்சி ட்ரையாங்கிள். எறும்பு டைனி, எருது ஹ்யூஜ். அடுப்பில் கிழங்கும் பீன்ஸும் வெந்துகொண்டிருக்கும்போது, கையில் கரண்டியோடு சமையலறைச் சாமான் ஒவ்வொன்றையும் சுட்டிக்காட்டி அதன் உருவத்தை உரக்கச் சொல்வாள். வாசலில் யாராவது நின்று கேட்டிருந்தால், தனியாக இருந்து இருந்து பாவம் மூளை குழம்பிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

நாற்பத்தாறு வயதில் அவளுக்கு இந்தத் தலையெழுத்து வந்தது வானொலி வழியாக. இருபத்திரண்டு வருஷமாகப் பிரெஞ்சில் பாடம் நடத்தியவள் அவள். ஜனவரியிலிருந்து ருவாண்டாவின் பள்ளிக்கூடங்களில் எல்லாம் ஆங்கிலம்தான் என்று அக்டோபரில் ஒரு நாள் அறிவித்துவிட்டார்கள். மேலே இருப்பவர்களுக்கு மொழியை மாற்றுவது சட்டையை மாற்றுவது மாதிரி. கழற்றும்போது தோலும் சேர்ந்து வருவது போட்டிருந்தவருக்குத்தானே தெரியும்? டிசம்பர் விடுமுறையில் மூன்று வாரப் பயிற்சி, முடிவில் வாய்மொழித் தேர்வு, அதில் தேறாதவர்களுக்கு வகுப்பு கிடையாது என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். சொல்லும்போது அவர் டஃப்ரோசாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

வேலை போனால் கூடச் சமாளித்துக்கொள்வாள். வகுப்பறை போய்விடக் கூடாது. அவளுடைய அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே உள்ள சுவரில் ஒரு செங்கல் இல்லை. அடுத்த அறை பெலான்சில் டீச்சருடையதாக இருந்தது. எட்டு வருஷம் அந்த ஓட்டை வழியாகத்தான் சாக்பீஸும், சுட்ட சோளமும், தலைமையாசிரியரைப் பற்றிய கிண்டலும் போய் வந்தன. பெலான்சில் இறந்து பதினான்கு வருஷம் ஆகிறது. அந்த ஓட்டையை அடைக்கச் சிமெண்டோடு ஆள் வந்தபோதெல்லாம், பிள்ளைகளுக்குக் காற்று வேண்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவாள் டஃப்ரோசா. புதிதாக வருகிறவர்களுக்கு அது வெறும் ஓட்டை. முதல் வாரமே பூசிவிடுவார்கள். தன் தோழி இருந்ததற்கு உலகத்தில் மிச்சமிருக்கும் அடையாளம் அது ஒன்றுதான் என்று அவள் நம்பினாள். அது போய்விட்டால் தானும் இல்லை என்று நினைத்தாள்.

பயிற்சி கொடுக்க வந்த நமுக்வாயா பக்கத்து நாட்டுக் கம்பாலாக்காரி. முப்பது வயது, நல்ல மனசு, எதற்கெடுத்தாலும் சிரிப்பு. எங்கள் வாயில் ‘ல’வும் ‘ர’வும் இடம் மாறி விழுவது அவளுக்குப் பெரிய வேடிக்கை. நாற்பது வாத்தியார்களும் ஒரே குரலில் ‘லவுண்ட், லவுண்ட்’ என்று கத்தும்போது மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரிப்பாள்.

இரண்டாம் வாரத் திங்கட்கிழமை அவள் கரும்பலகையில் ‘ஆளின் தோற்றம்’ என்று தலைப்புப் போட்டாள். டால், ஷார்ட், ஃபேட், தின் என்று வரிசையாக எழுதினாள். அதன் கீழே ஒரு மூக்கை வரைந்து நீள மூக்கு, சப்பை மூக்கு என்று எழுதினாள்.

“ரொம்ப ஈஸி,” என்று கையைத் தட்டினாள். “பக்கத்துல இருக்கறவங்க முகத்தப் பாருங்க. உயரம் எப்படி, உடம்பு எப்படி, மூக்கு எப்படி, ஒவ்வொருத்தரா எழுந்து சொல்லுங்க பாக்கலாம்.”

யாரும் எழுந்திருக்கவில்லை. நாற்பது பேரும் தங்கள் தங்கள் பாதத்தைப் பார்த்தார்கள்.

சொல்லத்தான் வேண்டும். தொண்ணூற்று நான்கு ஏப்ரலில் ஓர் இனத்தாரையே தேடித் தேடிக் கொல்லச் சாலைகளில் மரத்தை வெட்டிப் போட்டு மறித்து நின்றவர்கள், கையில் இனம் எழுதிய அடையாள அட்டை இல்லாதவர்களை உயரத்தையும் மூக்கையும் பார்த்துத்தான் பிரித்தார்கள். யார் வீட்டுக்குப் போகலாம், யார் பள்ளத்துக்குப் போக வேண்டும் என்பதை மூக்கின் அகலம் முடிவு செய்தது. உயரமாகப் பிறந்ததற்காகவே செத்தவர்கள் உண்டு. அதன் பிறகு எங்கள் ஊரில் ஒருவர் மற்றவரின் உடம்பைப் பார்த்து வாய்விட்டு வர்ணிப்பது நின்றுபோயிற்று. கம்பாலாவிலிருந்து நேற்று வந்தவளுக்கு இது எப்படித் தெரியும்?

பக்கத்துக் குன்றுப் பள்ளியில் கணக்கு நடத்தும் கலிக்ஸ்த் வாத்தியார்தான் எழுந்தார். எந்த இழவு வீட்டிலும் வாய் சும்மா இருக்காத மனுஷர். டஃப்ரோசாவின் பக்கம் திரும்பி, முகத்தை விட்டுவிட்டு, காலைக் காட்டினார்.

“மேடம், ஹெர் ஷூஸ் ஆர் ராங்.”

“ராங்கா? என்ன தப்பு? நல்லாத்தானே இருக்கு?”

“நோ மேடம். வெரி, வெரி ராங்!” இரண்டு கையையும் முழ நீளத்துக்கு விரித்துக் காட்டினார்.

லாங் என்கிறார் என்று புரிந்து நமுக்வாயா விழுந்து விழுந்து சிரித்தாள். மற்றவர்களும் மூச்சை விட்டுச் சிரித்தார்கள். அதன் பிறகு எல்லாரும் செருப்பையும் தொப்பியையும் வர்ணித்து அந்த ஒரு மணி நேரத்தைக் கடத்தினார்கள்.

டஃப்ரோசா மட்டும் சிரிக்கவில்லை. பாடம் முடிந்ததும் பலகைக்குப் போனாள். வாயைத் திறந்து, தன் முன்பற்களின் நடுவில் விரலை வைத்து, “இங்க சிலருக்கு விலகி இருக்குமே மேடம், அதுக்கு என்ன வார்த்தை?” என்று கேட்டாள்.

“அதுவா? கேப்.”

“சுவத்துல கல்லு விழுந்திருந்தா?”

“அதுவும் கேப்தான் டீச்சர்.”

எங்கள் மொழியில் அந்தப் பல் இடைவெளிக்கென்றே தனியாக ஒரு சொல் உண்டு, இன்யின்யா. அது இருக்கிற பெண்ணை அழகி என்பார்கள். பெலான்சிலுக்கு அது இருந்தது. பல்லுக்கும் சுவருக்கும் ஆங்கிலத்தில் ஒரே வார்த்தைதான் என்று கேட்டதும் டஃப்ரோசா நோட்டை மூடினாள். நன்றி சொல்லாமலே வெளியே போய்விட்டாள்.

கலிக்ஸ்த் பின்னாலேயே வந்தார்.

“அக்கா, நில்லுங்க. ஷூவப் பத்திச் சொன்னதுல கோவமா?”

“இல்லப்பா. நான் ஃபெயிலாயிடுவேன். நிச்சயமாத் தெரிஞ்சுபோச்சு.”

“வார்த்தைதானே அக்கா. மனப்பாடம் பண்ணிட்டுப் போய்க் கொட்டிட்டு வந்துடுங்க.”

“வார்த்தைதான்,” என்றாள் அவள். “ஒருதடவ கொட்டினவதானே நான்.”

கலிக்ஸ்த்துக்கும் அந்தக் கதை தெரியும். ஊருக்கே தெரியும்.

அந்த ஏப்ரலில், தேடப்பட்ட இனத்தவளான பெலான்சில் நூற்றுக்கணக்கானவர்களோடு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒளிந்திருந்தாள். சுகாதார நிலையத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருந்த டிரைவர் ஃபொகாஸ் ஒரு மத்தியானம் டஃப்ரோசாவின் வீட்டுக்கு வந்தான். கழுத்தில் ஜெபமாலை, கையில் வண்டிச் சாவி. “உங்க தோழிய எல்லை தாண்டி விட்டுடறேன் டீச்சர். ஆனா நான் அவங்களப் பாத்ததே இல்லியே. ஆள் எப்படி இருப்பாங்க? அவ்வளவு கூட்டத்துல எப்படிக் கண்டுபிடிக்கறது?” என்றான். கடவுளே ஆளனுப்பிவிட்டார் என்று டஃப்ரோசா அவன் கையைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் சொன்னாள். நல்ல உயரம். மெலிந்த உடம்பு. நீளக் கழுத்து. கூர்மையான மூக்கு. இடது காதுக்குக் கீழே ஒரு மச்சம். முன்பல்லில் இன்யின்யா, சிரித்தால் போதும், தப்பவே தப்பாது.

தப்பவில்லை. முதல் ஆளாகவே கண்டுபிடித்து வண்டியில் ஏற்றினான். மரத்தடுப்பு வரைக்கும்தான் கூட்டிக்கொண்டு போனான்.

வருஷங்கள் கழித்து, புல்தரையில் ஊர் கூடி விசாரித்த கச்சாச்சா மன்றத்தில் டஃப்ரோசா எழுந்து நின்று இதை முழுக்கச் சொன்னாள். ஃபொகாஸுக்குச் சிறை. அவளிடம், “நீ நல்லதுக்குத்தானம்மா சொன்ன, உக்காரு,” என்றார்கள். யாராவது காறித் துப்பியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஒருவரும் துப்பவில்லை. அன்றைக்கு உட்கார்ந்தவள்தான், உள்ளுக்குள் இன்னும் எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு எந்த மொழியிலும் அவள் ஓர் ஆளை இன்ன மாதிரி என்று வர்ணித்ததில்லை. வீட்டுக்கு வந்தது யார் என்று கேட்டால் ‘பச்சைத் துணி கட்டினவங்க’ என்பாள், ‘வேகமா நடப்பாரே’ என்பாள். பிள்ளைகளை உயரப்படி வரிசையில் நிறுத்த மாட்டாள். பெயரின் முதல் எழுத்துப்படிதான் நிறுத்துவாள்.

கலிக்ஸ்த் அன்றைக்கே நமுக்வாயாவைத் தனியே அழைத்துத் தனக்குத் தெரிந்த உடைந்த ஆங்கிலத்தில் ஊர் விஷயத்தைச் சொன்னார். மறுநாள் காலை அவள் கண் வீங்கி வந்தாள். மூக்குப் படத்தைத் தன் கையாலேயே அழித்தாள். “என்ன மன்னிச்சிடுங்க,” என்றாள். ஆனால் தேர்வு அட்டைகள் தலைநகரத்தில் அச்சடிக்கப்பட்டு முத்திரை வைத்த உறையில் வருகின்றன, அதில் இருப்பதைத்தான் கேட்க முடியும், பத்துக்கு ஆறு வாங்கியே ஆக வேண்டும் என்பதையும் சொன்னாள். பெரும்பாலான அட்டைகளில் ஆளின் தோற்றம் பற்றிய கேள்வி இருக்கும் என்றாள்.

மிச்சமிருந்த நாட்களை அவள் எப்படித் தள்ளினாள் என்று கேட்காதீர்கள். கண்ணாடி முன் நின்று தன்னையே வர்ணித்துப் பார்த்தாள். ‘ஐ ஆம்’ வரைக்கும் வந்தது. அதற்கு மேல் உதடு ஒட்டிக்கொண்டது. விடுமுறைக்குப் பூட்டிய தன் பள்ளிக்கூடத்தைத் திறக்கச் சொல்லி, தன் வகுப்பில் அந்த ஓட்டைக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். “டால்,” என்று ஓட்டைக்குள் மெதுவாகச் சொன்னாள். சுவரில் நெற்றியை வைத்து, “என்னால முடியலடி, நீயே ஒரு வழி சொல்லு,” என்று அழுதாள். சுவர் என்ன சொல்லும்? சாப்பாடு இறங்கவில்லை. மோர் மட்டும் குடித்தாள். தேர்வுக்குப் போகாமலே இருந்துவிடலாமா என்று வியாழக்கிழமை முழுக்க யோசித்தாள். போகாவிட்டால் ஜனவரியில் சிமெண்ட் வரும் என்பது நினைவுக்கு வந்ததும் மறுபடி நோட்டை எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை நல்ல மழை. தகரக் கூரையில் சத்தம் காதைப் பிளந்தது. கலிக்ஸ்த் தேர்வு முடித்து வெளியே வந்து, “சைக்கிளப் பத்திக் கேட்டாங்க அக்கா, ஜாக்பாட்!” என்று கட்டைவிரலைக் காட்டினார். அடுத்தது அவள் பெயர்.

நமுக்வாயா அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். உறையைக் கிழித்தாள். முதல் படத்தில் ஒரு தண்ணீர்க் குடம். ரவுண்ட் என்றாள் டஃப்ரோசா. ‘ர’ சுத்தமாக விழுந்தது. நமுக்வாயா கண்ணால் சிரித்தாள். மூன்று மதிப்பெண். பிறகு அட்டையைத் திருப்பி, அச்சடித்திருந்ததை நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

“உங்கள் தோழி பஸ் நிலையத்தில் இருக்கிறாள். அவளை அழைத்துவர நான் போகிறேன். நான் அவளைப் பார்த்ததே இல்லை. ஆள் எப்படி இருப்பாள்? அவ்வளவு கூட்டத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது?”

டஃப்ரோசாவுக்கு மழைச் சத்தம் நின்றுபோயிற்று. ஃபொகாஸின் கையிலிருந்த சாவியின் சத்தம்தான் கேட்டது. அதே கேள்வி. ஒரு வார்த்தை கூடுதல் குறைவு இல்லை. பதினான்கு வருஷம் கழித்து ஊர் ஊராகச் சுற்றி, இங்கிலீஷ் படித்துக்கொண்டு, மறுபடியும் அவள் வாசலுக்கே வந்து நிற்கிறது.

“டீச்சர்? யாராவது ஒரு தோழி. ரெண்டு வரி சொன்னாலும் போதும்.”

நாற்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எழுந்து ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. கண்ணை மூடினாள். மூடினால் பெலான்சில் நிற்கிறாள், அந்த உயரமும், கழுத்தும், சிரிப்பும். டஃப்ரோசா வாயைத் திறந்தாள்.

“ஷீ இஸ் ஷார்ட்,” என்றாள்.

குரல் அவளுடையது மாதிரியே இல்லை. “குட்டை. ரொம்பக் குட்டை. ஷீ இஸ் ஃபேட். முகம் ரவுண்ட்.” வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. இரண்டு வாரமாக வராமல் அடம்பிடித்தவை அத்தனையும் வந்தன. “கழுத்தே தெரியாது. மூக்கு சப்பை, அகலம். மச்சம் கிடையாது, எங்கயும் கிடையாது. பல்லு நெருக்கமா இருக்கும். நோ கேப். மேடம், கேட்டுக்குங்க, நோ கேப்!”

கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. ஆனால் ஒரு ‘ல’ கூட ‘ர’ ஆகவில்லை. எந்தப் பொய்யை அன்றைக்குச் சொல்லியிருந்தால் போதுமோ, அந்தப் பொய்யை இன்றைக்கு, வேற்று மொழியில், பிழையே இல்லாமல் சொல்லி முடித்தாள்.

பரீட்சை பயத்தில் அழுகிறாள் என்று நினைத்தாள் நமுக்வாயா. எட்டி அவள் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

“அழாதீங்க டீச்சர், பாஸாயிட்டீங்க! இந்த அறையில இவ்வளவு நல்லா யாருமே சொல்லல. இப்ப நான் பஸ் நிலையத்துக்குப் போனா, எவ்வளவு கூட்டமா இருந்தாலும் உங்க தோழிய ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவேன்.”

டஃப்ரோசா துணி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கதவருகே போய்த் திரும்பி நின்று, ஒவ்வொரு வார்த்தையாக ஆங்கிலத்தில் சொன்னாள்.

“நோ மேடம். உங்களால அவளக் கண்டுபிடிக்க முடியாது.”

நமுக்வாயா பேனாவை எடுத்து, அந்த வாக்கியத்துக்கும் ஒரு மதிப்பெண் போட்டாள்.