நீலக் கதிரும் மஞ்சள் ஒயரும்

ப்ளூ-ரே பிளேயரை விற்பது சுலபம். வாங்கியவர் வீட்டில் அதை ஒழுங்காகப் படம் காட்ட வைப்பதுதான் வேலை. கரியாஹாட் கடைவீதியில் ஒரு கடையில் பல வருடமாக அந்த வேலையைத்தான் செய்கிறேன். டிவிக்குப் பின்னால் குனிந்து, எந்த ஒயர் எந்த ஓட்டைக்கு என்று முழித்தவர்தானே நீங்களும்? அப்படியானால் நாம் ஒரே ஜாதி.

பத்திரமாக வைத்த கேபிள்

பவானிபூரில் மித்ரா பாபு என்று ஒரு பேராசிரியர். "புது பிளேயரும் பழசும் ஒரே மாதிரிதான் தெரியுது" என்று போனில் வங்க மொழியில் பொரிந்து தள்ளினார். போய்ப் பார்த்தால், பழைய மஞ்சள் ஒயரையே புதிதிலும் செருகியிருக்கிறார். ஹெச்.டி. படம் அந்த ஒயரில் வராது. நாங்கள் கொடுத்த ஹெச்.டி.எம்.ஐ. கேபிள், கவர்கூடப் பிரிக்காமல் அலமாரியில் இருந்தது.

எடுத்து மாட்டினேன். கதாநாயகனின் கன்னத்துத் தழும்புவரை தெரிந்தது. அவர் மனைவி என்னைப் பார்த்துச் சொன்னார்: "நல்ல சாமான் எது வந்தாலும் இவர் அலமாரியில வச்சுப் பூட்டிடுவார். நான் வந்தப்ப அலமாரி நிறைஞ்சிருந்தது, தப்பிச்சேன்!"

அமெரிக்கா டிஸ்க்

கிடர்பூர் சண்முகம் அண்ணன் கஸ்டம்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர். மருமகன் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய ஆறு டிஸ்க்கில் ஒன்றுகூட ஓடவில்லை. ப்ளூ-ரேக்கு உலகம் மூன்று மண்டலம். அமெரிக்கா ஏ, நாம் சி. அங்கே மட்டும் ஓடும்படி பூட்டிய டிஸ்க் இங்கே வாங்கிய பிளேயரில் ஓடாது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "முப்பது வருஷம் அடுத்தவன் பெட்டியை நிறுத்தினவன் நான். இப்ப ஒரு பெட்டி என்னை நிறுத்திடுச்சே, தம்பி!"

அரங்கேற்றம்

ரயில்வே அதிகாரி ராமநாதன் சாரின் மனைவி காமாட்சி மாமி கடைக்குப் போன் செய்தார். "ஒரு ப்ளூ-ரே பிளேயர் கொண்டுவந்து காட்டுங்கோ. அவர் ஆத்துல இருக்கறச்சே வாங்கோ."

விஷயம் இதுதான். மகளின் அரங்கேற்றத்தை மாமியின் தம்பி சேகர் படம்பிடித்து ப்ளூ-ரே டிஸ்க்கில் கொடுத்திருக்கிறார். வீட்டு டிவிடி பிளேயர் 'டிஸ்க் இல்லை' என்றது. இதற்கு வேறு பிளேயர் வேண்டும் என்று சேகர் சொல்லியும், "சாக்கு சொல்லாதே, ஒரே பொண்ணோட அரங்கேற்றத்தைக் கெடுத்துட்டே" என்று உறவுக்காரர்கள் முன்னால் சார் கத்திவிட்டார். அன்றைக்கு இறங்கிப் போன சேகர் எட்டு மாதமாக அந்த வீட்டுப் பக்கமே வரவில்லை.

"டிவிடி பிளேயரின் சிவப்புக் கதிரால் இவ்வளவு பொடியான பதிவைப் படிக்க முடியாது, சார். அதற்கு நீலக் கதிர் வேண்டும். டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லை" என்று சொல்லி, கொண்டுபோன பிளேயரில் போட்டேன். சலங்கையில் ஒவ்வொரு மணியும் தனித்தனியாகத் தெரிந்தது. வர்ணம் பாதி ஓடும்போதே சார் எழுந்துவிட்டார். மாமி திரையைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சார் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். "சேகர், தப்பு டிஸ்க்குல இல்லப்பா. என்மேலதான்."

ஸ்பீக்கரில் சேகரின் குரல் வந்தது: "சரி அத்திம்பேர். இனிமே மொட்டைமாடிக்கு ஓடிப்போய் எனக்குப் போன் பண்ண வேண்டாம்னு அக்காகிட்ட சொல்லிடுங்கோ!"

பிளேயரைப் புரியவைக்க எனக்கு ஐந்து நிமிடம் போதும். வீட்டுக்காரரைப் புரிந்துகொள்ள உதவும் கையேடு மட்டும் எந்தக் கம்பெனியும் போட்டதாகத் தெரியவில்லை.