கெர்னல் பிடித்துவைத்த ‘இல்லை’

தேயிலை ஃபேக்டரி ஆபீசில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சொந்த ஊர் சித்தூர்ப் பக்கம். மலையேறிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் இந்தக் குளிரோடு ஒத்துப்போக முடியவில்லை. குளிரைவிட எரிச்சல், எது கெட்டாலும் என்னைக் கூப்பிடுவது. வெந்நீர் கெட்டில் சூடாகாவிட்டால்கூட என் தலைதான் உருளும்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், காலை பத்து மணிக்கு, கொளுந்து எடுக்கும் அக்கா ஒருவர் ஆபீஸ் வாசலில் குடையை மடக்கிக்கொண்டு நின்றார். ஐம்பது வயதிருக்கும். இளைய மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. மறுநாளுக்குள் சாதிச் சான்றிதழ் கொடுக்காவிட்டால் அந்த இடம் போய்விடும்.

தமிழ்நாட்டிலிருந்து எல்லை தாண்டி இந்த மலைக்கு வந்த தோட்டக் குடும்பங்களுக்கு அந்தச் சான்றிதழ் லேசில் கிடைக்காது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுக்கு முன்பே குடும்பம் இங்கே இருந்ததற்கு அத்தாட்சி கேட்பார்கள். எஸ்டேட் கொடுத்த லயத்து வரிசை வீட்டில் பிறந்து லயத்து வீட்டிலேயே மூப்படைபவர்களிடம் நிலமா இருக்கிறது, பட்டாவா இருக்கிறது? எஸ்டேட்டின் பழைய வருகைப் பதிவேடான செக்ரோலில் தாத்தா பெயர் இருந்தால் உண்டு. இல்லாவிட்டால் இல்லை.

“என் வீட்டுக்காரரோட தாத்தா சார். நம்பர் இருநூத்திப் பதினேழு. பன்னெண்டு மணிக்கு வில்லேஜ் ஆபீசர் வெளிய போயிருவாராம். அதுக்குள்ள நான் கீழ போயாவணும்.”

பெயரை அவர் சொல்லவே இல்லை. எஸ்டேட்டில் ஆளை நம்பரை வைத்துத்தான் தேடுவோம் என்பது அவருக்கும் தெரியும்.

பழைய செக்ரோல்களை ஸ்கேன் செய்து பின்னறைச் செர்வரில் வைத்திருக்கிறேன். முன்னறைக் கணினியிலிருந்து திறந்து, அங்கேயே பிரிண்ட் எடுப்பது வழக்கம். முன்னறையில் அன்று காலைதான் புதுக் கணினி மாட்டியிருந்தேன். திறந்தேன். அனுமதி இல்லை என்று வந்தது.

காரணம் உடனே தெரிந்தது. செர்வருக்குள் கோப்பை எடுத்துக் கொடுப்பது கெர்னல். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது அதுதான், ஆனால் யாருக்குக் கொடுக்கலாம் என்பது அதற்குத் தெரியாது. அனுமதி உள்ள கணினிகளின் முகவரிப் பட்டியலைப் பார்த்துச் சொல்ல வெளியே டீமன் என்று ஒரு நிரல் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். தெரியாத முகவரியிலிருந்து யாராவது கோப்பு கேட்டால், கெர்னல் அந்த முகவரியை ஒற்றை வரியாக எழுதி, இருவருக்கும் பொதுவான ஒரு வாசலில் வைக்கும். டீமன் அதைப் படித்து, பட்டியலைப் பார்த்து, கொடுக்கலாம் அல்லது கூடாது என்று பதில் வரி எழுதும். கெர்னலும் டீமனும் பேசிக்கொள்வது அவ்வளவுதான். புதுக் கணினியின் முகவரியை நான் பட்டியலில் சேர்க்கவில்லை.

சேர்த்தேன். திறந்தேன். அனுமதி இல்லை.

டீமனை நிறுத்தி மறுபடி கிளப்பினேன். அனுமதி இல்லை. எழுத்துப்பிழை இருக்குமோ என்று பட்டியலை நான்கு தடவை படித்தேன். மணி பத்தேகால். செர்வரிலிருந்து பென்டிரைவில் எடுத்துக் கொடுத்திருந்தால் அப்போதே முடிந்திருக்கும். நான் எடுக்கவில்லை. கேவலம் ஒரு பட்டியல் என்னை ஏய்ப்பதா என்ற வீம்பு.

“உக்காருங்க அக்கா.”

“இருக்கட்டும் சார்.”

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதும் என் முதுகைப் பார்ப்பதுமாக நின்றார். அதுவும் என் எரிச்சலைக் கூட்டியது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பத்தரைக்குத்தான் மண்டையில் உறைத்தது. கெர்னல் ஒவ்வொரு தடவையும் டீமனைக் கேட்பதில்லை. ஒருமுறை வந்த பதிலைக் கொஞ்ச நேரம் தானே வைத்துக்கொள்ளும், ‘கூடாது’ என்ற பதிலையும் சேர்த்து. டீமனிடம் சரியான பட்டியல் தயாராக இருந்தது. ஆனால் அதை யாரும் கேட்கவில்லை. கையிலிருந்த பழைய பதிலையே கெர்னல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. நினைவில் இருப்பதை எல்லாம் கொட்டிவிடு என்று அதற்கு ஒரு வரிக் கட்டளை உண்டு. அடித்தேன். கோப்பு திறந்தது.

இருநூற்றுப் பதினேழு இருந்தது. பிரிண்ட் எடுத்து, மேனேஜரிடம் சீல் வாங்கிக் கொடுத்தேன். அக்கா அந்த நம்பரை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“இது இத்தன நாளும் எங்க சார் இருந்துச்சு?”

“ஃபேக்டரிப் பரண்லீங்க அக்கா. ரெண்டு வருஷம் முந்தி கூரை மாத்துறப்ப பெட்டியோட கெடச்சுது.”

“மூத்தவளுக்கும் கேக்க வந்தேன் சார். அஞ்சு வருஷம் இருக்கும். செல்லரிச்சுப் போச்சு, இல்லைன்னு சொன்னீங்க.”

அவர் வந்தது எனக்கு நினைவில்லை. அந்தப் பதில் நன்றாக நினைவிருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் பழைய கிளார்க் ஒருவர் சொன்னது அது. அதன் பிறகு செக்ரோல் கேட்டு வந்த அத்தனை பேரிடமும் அதையே சொல்லி அனுப்பினேன். ஒருவருக்காகவும் ஏணி வைத்து ஏறிப் பார்த்ததில்லை. கெர்னலாவது அரை மணி நேரம் போனால் பழையதை விட்டுவிட்டு மறுபடி கேட்டிருக்கும்.

“மூத்த பொண்ணு இப்ப என்னங்க பண்றாங்க?”

“கொளுந்துதான் எடுக்கா, எங்கூட.”

அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். தாளை மடிக்காமல் பிளாஸ்டிக் கவருக்குள் வைத்து, ரவிக்கையோடு அணைத்துக்கொண்டார். வெளியே, மலையிறங்கும் ஜீப் ஹார்ன் அடித்தது. வாசல்வரை போனவர் திரும்பிப் பார்த்தார்.

“அப்பவும் அந்தப் பெட்டி அங்கனதான இருந்துச்சு, சார்?”

“ஆமாங்க அக்கா,” என்றேன். “அங்கயேதான் இருந்துச்சு.”

தலையை ஆட்டிவிட்டு, குடையை விரித்து ஜீப்புக்கு நடந்தார்.