பெயர் மட்டும் எண்பது

என் கணவர் செம்பனை ஆலையில் ஃபிட்டர். பகலெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு, வீட்டுக்கு வந்தும் இரும்பையே தேடுகிறவர். போன வருடம் ஆன்லைனில் ஒரு டூ ஸ்ட்ரோக் இஞ்சின் வாங்கினார். சைக்கிளில் மாட்டி ஓட்டுகிற சின்ன இஞ்சின். பெட்டி வந்த அன்று, அதன் மேல் அச்சடித்திருந்த ‘எண்பது சிசி’யை என்னிடம் இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். எனக்கும் வாசிக்கத் தெரியும் என்பது அந்த நேரத்தில் அவருக்கு மறந்துவிட்டது.

“மெயின் ரோட்டுக்குக் கொண்டு போனா போலீஸ் சமன் கொடுத்து அபராதம் கட்ட வைப்பான்” என்றேன்.

“தோட்டத்துக்குள்ளதான் ஓட்டப் போறேன். மேனேஜர்கிட்ட கேட்டாச்சு. உனக்காகத்தாம்மா வாங்கினேன். பஸ்சுக்கு தெனம் நடக்கிறியே.”

நான் சிரம்பானில் ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறேன். பெடாஸ் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து தோட்டத்து வாசல் கேட்டுக்கு வர இரண்டு கிலோமீட்டர், செம்பனை மரங்களுக்கு நடுவே மண் ரோடு. கேட்டுக்கு வெளியேதான் பஸ் நிற்கும். பதினோரு வருடமாக நான் நடக்கிறேன். அதுவரை வராத கரிசனம் பெட்டியில் அடைத்து வந்திருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் காப்பி குடிக்கும்போது, எண்பது சிசி என்று சர்ச் முழுக்கச் சொல்லிவிட்டார். பாஸ்டருக்கும் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை என் அண்ணன் வந்தார். போர்டிக்சனில் பஸ் பட்டறை மெக்கானிக். நூறு கிலோவுக்குக் குறையாத உடம்பு. எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்த இஞ்சினைச் சுற்றி வந்து பார்த்தார்.

“மாப்ள, இது எண்பது இல்லலா. பாத்தாலே தெரியுது.”

“பெட்டியில போட்டிருக்கு மச்சான்.”

“பெட்டிய ஓட்டப் போறீங்களா, இஞ்சினையா?”

அதற்குப் பிறகு இரண்டு பேரும் சாப்பிடவில்லை. அளந்தே தீரவேண்டும் என்றார்கள். இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் ஒரு சிசியும் ஒரு எம்.எல்லும் ஒன்றுதான் என்பது கிளினிக்கில் வேலை செய்கிறவளுக்குத் தெரியும். “சிரிஞ்சால எண்ணெய் ஊத்திப் பாத்தா தெரிஞ்சிடும்” என்றேன். வீட்டில் மருந்தகத்தில் வாங்கிய இருபது எம்.எல். சிரிஞ்சு ஒன்று பிரிக்காமல் இருந்தது.

பிஸ்டனை அடிமட்டத்துக்கு இறக்கி, பிளக் துளை வழியாகச் சமையல் எண்ணெயைச் செலுத்தினேன். நான்கு சிரிஞ்சு போனால் எண்பது. நான்காவது போயும் நிரம்பவில்லை. கணவரின் முகம் மலர்ந்தது. ஐந்தாவது, ஆறாவது. எட்டாவதில் அவர் அண்ணனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். தோற்றவருக்குக் காட்டும் மரியாதை அது. பதினோராவதில் அண்ணன் சொன்னார்: “இருநூத்தி இருபதா? அப்ப இது லோரி இஞ்சின்லா.”

அப்போதுதான் என் பாதம் வழுக்கியது. புகை வெளியேறும் துளையில் தூசி விழாமலிருக்கக் கணவர் துணி அடைத்து வைத்திருந்தார். டூ ஸ்ட்ரோக் சிலிண்டரின் சுவரிலேயே வழிகள் இருக்கின்றன. பிஸ்டன் கீழே இறங்கினால் அவை திறந்துகொள்ளும். ஊற்றிய எண்ணெய் இஞ்சினின் அடிவயிற்றை நிரப்பி, துணியை ஊறவைத்து, அண்ணன் வருகிறார் என்று விரித்திருந்த என் கிறிஸ்துமஸ் மேசைத் துணி வழியாகத் தரைக்கு வந்துவிட்டது. இஞ்சின் தொழிலில் இருக்கிற இரண்டு ஆம்பிளைகளும் இதைப் பற்றி யோசிக்கவில்லை. துடைத்தது நான்.

பிறகு ஒழுங்காக அளந்தார்கள். மூடியைக் கழற்றி, வெர்னியரால் சிலிண்டரின் அகலத்தைப் பார்த்தார்கள். நாற்பத்தேழு மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் முப்பத்தெட்டு. நான் போனில் கணக்குப் போட்டேன்.

“அறுபத்தாறு.”

“திரும்பப் போடு” என்றார் கணவர்.

போட்டேன். அறுபத்தாறு. என் போன் பழசு என்று தன் போனில் போடச் சொன்னார். அதற்கும் அதே எண்தான் பிடித்திருந்தது. அண்ணன் ஆறிப்போன சோற்றை எடுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தார். ‘நான் சொன்னேனே’ என்று சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

விற்றவனுக்குக் கணவர் நீளமாக ஒரு மெசேஜ் அனுப்பினார். மீதிப் பதினான்கு சிசி எங்கே என்று கேட்டிருந்தார். மலாயில் ஒரே வரி பதில் வந்தது: எண்பது என்பது அதன் பெயர் மட்டும், முதலாளி.

“பேரா?” என்றார் கணவர். அதை ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டிருந்தார்.

அண்ணனுக்கே மனசு இளகிவிட்டது. இஞ்சின் மூடியின் அடிப்பக்கத்தைக் கொஞ்சம் தேய்த்தால் உள்ளே இடம் குறையும், அழுத்தம் கூடும், இழுவை கிடைக்கும் என்றார். தேய்ப்பதற்கு மேடு பள்ளம் இல்லாத பரப்பு வேண்டும். அதன் மேல் உப்புத்தாளை ஒட்டி மூன்று நாள் சாயங்காலம் கணவர் தேய்த்தார். நான் நான்காம் நாள்தான் கூடத்துச் சுவரைப் பார்த்தேன். எங்கள் கல்யாணப் படம் கண்ணாடி இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

“வீட்டுலயே நேரான சாமான் அதான்மா” என்றார்.

திட்டத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை முந்திக்கொண்டது. தேய்ப்பதற்கு முன்பே அந்தக் குழியைச் சின்னச் சிரிஞ்சால் நான் அளந்து வைத்திருந்தேன்: எட்டு எம்.எல். இப்போது மூடியைக் கவிழ்த்து, ஊசி போடுமுன் தட்டுவதுபோல் தட்டிக் காற்றுக் குமிழை எடுத்துவிட்டு, விளிம்பு வரை சொட்டுச் சொட்டாக விட்டேன். ஏழு. எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் எனக்கே வெட்கமாக இருந்தது.

சைக்கிளில் எல்லாம் மாட்டி முடித்த சனிக்கிழமை, பசியாறிவிட்டு மூன்று பேரும் மண் ரோட்டுக்குப் போனோம். வேகம் காட்டும் போனை ஹேண்டில்பாரில் கட்டியிருந்தார்கள். கணவர் ஓட்டினார்: மணிக்கு முப்பத்தெட்டு கிலோமீட்டர். அண்ணன் ஏறினார், பின் டயர் பாதி காணாமல் போனது. முப்பத்தொன்று. “நீ ஏறும்மா, நீதான் வெயிட் இல்ல” என்றார் கணவர். கல்யாணமான நாளிலிருந்து என் உடம்பைப் பற்றி அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை.

மிதித்தேன், கிளட்சை விட்டேன், இஞ்சின் பிடித்தது. காற்று முகத்தில் அடித்தது. நன்றாகத்தான் இருந்தது. வளைவு வருகிறதே என்று வேகத்தைக் குறைக்கக் கைப்பிடியைத் தளர்த்தினேன். இஞ்சின் விடவில்லை. கேபிள் சிக்கிக்கொண்டது. அணைக்கிற ஸ்விட்சை அப்புறம் மாட்டிக்கொள்ளலாம் என்று கணவர் டிராயரில் வைத்திருந்தார். கிளட்சை இழுத்திருக்க வேண்டும். எனக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை, பிரேக்கைப் பிடித்தும் இஞ்சின் இழுத்துக்கொண்டே போனது. குலை வெட்டிக்கொண்டிருந்த இரண்டு இந்தோனேசியத் தொழிலாளிகளைக் கடந்தபோது, உதவி கேட்டு ‘தோலோங்’ என்று கத்தினேன். இஞ்சின் சத்தத்தில் வணக்கம் சொன்னதாக நினைத்திருப்பார்கள். இருவரும் சிரித்துக் கையசைத்தார்கள்.

கடைசியில் வெட்டிப் போட்டிருந்த மட்டைக் குவியலுக்குள் நானே திருப்பினேன். சைக்கிள் நின்றது, இஞ்சின் செத்தது. காலெல்லாம் மட்டை முள் கீறியிருந்தது.

கணவர்தான் முதலில் ஓடி வந்தார். குனிந்தார். ஹேண்டில்பாரிலிருந்து போனை எடுத்தார்.

“நாப்பத்தேழு” என்றார். அப்புறம்தான், “அடிபட்டுச்சாம்மா?”

பின்னால் மூச்சு வாங்க வந்து சேர்ந்த அண்ணன், “மாப்ள, அந்த ரெண்டையும் மாத்திச் சொல்லியிருக்கலாம்லா” என்றார்.

ஸ்விட்ச் அன்று சாயங்காலமே மாட்டப்பட்டது. கேபிளும் புதுசு. கல்யாணப் படத்துக்குக் கண்ணாடி வாங்க அவரே சிரம்பானுக்குப் போய் வந்தார். இருந்தும் நான் இரண்டு நாள் தேவைக்கு மட்டும்தான் பேசினேன். ஞாயிற்றுக்கிழமை காப்பி நேரத்தில் நாற்பத்தேழு என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. யார் ஓட்டியது என்று பாஸ்டர் கேட்டார். “குடும்பமா ஓட்டினோம்” என்றார். நான் காப்பிக் கோப்பைக்குள் சிரித்துவிட்டேன்.

இப்போது தினமும் அதில்தான் கேட்டுக்குப் போகிறேன். சத்தம் கேட்டால் பஸ் டிரைவர் அரை நிமிடம் காத்திருக்கிறார். சீட் என் உயரத்துக்கு இறங்கியிருக்கிறது. கணவர் ஏறினால் முழங்கால் மோவாயில் இடிக்கும். கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாமா என்று இரண்டு தடவை கேட்டார். காலையில் அதைத் திரும்ப இறக்க எனக்கு நேரமில்லை என்று சொல்லிவிட்டேன்.