டிரெட்மில்லில் நெல் பொறுக்கியவர்

காரைக்குடிக்குப் போய் வந்தேன் என்றால் எத்தனை செட்டிநாட்டு வீடு பார்த்தாய், எங்கே சாப்பிட்டாய் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இந்தத் தடவை நான் பார்த்தது ஒரே ஓர் இதயம். அது என் அக்காவின் கணவர் கதிரேசன் அத்தானுடையது.

போன மாசி மாதம் அக்கா போன் செய்தாள். “மாடி ஏறுனா மூச்சு வாங்குதுடா. கேட்டா உமித் தூசிங்கிறாக. நான் சொன்னாக் கேக்க மாட்டாக, நீ வந்து டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போ.” மறுநாளே கிளம்பிவிட்டேன்.

திருச்சியிலிருந்து காரைக்குடி சுமார் தொண்ணூறு கிலோமீட்டர். மதியம் பன்னிரண்டுக்கு ஏறி இரண்டரைக்கு இறங்கினேன். அங்கிருந்து புதுவயலுக்கு டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். நெல் லாரிகள் வழிவிட்டால் கொஞ்சம் முன்னதாகவே போகலாம், விடமாட்டார்கள்.

அத்தான் அங்கே ஓர் அரிசி ஆலையில் களத்து மேஸ்திரி. அவித்த நெல்லைக் களத்தில் பரப்பி, வெறுங்காலைத் தரையோடு தேய்த்துத் தேய்த்து நடந்து கிளறிவிட வேண்டும். முப்பது வருடமாக ஆட்களோடு சேர்ந்து அவரும் அப்படித்தான் நடக்கிறார். நான் போனபோது பத்தடிக்கு ஒரு தடவை குனிந்து, ஒரு நெல்லை எடுத்துக் கடித்துப் பதம் பார்த்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி என்றால் இவரல்லவா மேஸ்திரி என்று மலைத்துப்போய், வலைப்பதிவுக்கு ஆகும் என்று ஆறு படம் எடுத்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு காரைக்குடியில் டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுத்தோம். புதுவயலிலிருந்து ஆட்டோவுக்கு இருநூற்றைம்பது ரூபாய். அத்தான் வேட்டியில் வந்திருந்ததைப் பார்த்த ஆட்டோக்காரர், “ஓட விடுவாகண்ணே, பேன்ட்டு எடுத்துக்கிருங்க,” என்று வண்டியைத் திருப்பினார். அவருக்கும் போன வருடம் இந்த டெஸ்ட் எடுத்தார்களாம். அக்கா மகனின் டிராக் பேன்ட்டோடு திரும்பக் கிளம்பினோம்.

ரத்தம் கொடுத்ததும் இரண்டே இட்லி. காபிக்குத் தடை. அதில்தான் அத்தானுக்கு முதல் கோபம். பத்து மணிக்கு ஈசிஜி எடுத்தார்கள், ஐந்து நிமிட வேலை. கோடுகள் சரியாக இருந்தன.

அடுத்து எக்கோ. அத்தானை இடப்பக்கமாகப் படுக்க வைத்து, நெஞ்சில் ஜெல் தடவி, கைக்குள் அடங்கும் ஒரு கருவியை வைத்து அழுத்தினார் டாக்டர். திரையில் அது தெரிந்தது. நான் பார்த்த கோயில் கோபுரம், அருவி எதிலும் இப்படி வாயடைத்து நின்றதில்லை. இரண்டு மெல்லிய இதழ்கள் திறக்கின்றன, மூடுகின்றன, திறக்கின்றன. ரத்தம் வருவது ஒரு நிறம், போவது ஒரு நிறம். ஒலியைக் கூட்டியதும் உஸ், உஸ் என்று அறை முழுக்க அத்தானின் இதயம் கேட்டது. ஐம்பத்தாறு வருடமாக ஒரு நாள் விடுப்பு எடுக்காத வேலையாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“பம்பிங் நல்லாருக்கு,” என்றார் டாக்டர்.

“நான்தான் சொன்னேன்ல மாப்ளே, தூசின்னு. வா, போவோம்,” என்று அத்தான் சட்டையைத் தேடினார்.

“சும்மா படுத்திருக்கப்ப நல்லாருக்கு. வேலை குடுத்தா எப்படி இருக்குன்னு பாக்கணுமே,” என்று டாக்டர் டிரெட்மில் அறையைக் காட்டினார்.

நெஞ்சில் வயர்கள் ஒட்டி, என் ஷூவை மாட்டி, அத்தானை ஏற்றினோம். பட்டை நகர ஆரம்பித்ததும் கர்ர், கர்ர் என்று சத்தம். அத்தான் களத்தில் கிளறுவது போலவே காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்! டெக்னீஷியன் பெண் பதறி நிறுத்தினார். “ஐயா, ஏன் தேய்க்கிறீக? தூக்கி வச்சு நடங்க.” நான் சிரித்துவிட்டேன். அத்தானும் சிரித்தார்.

மறுபடி ஆரம்பித்தார்கள். மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை வேகமும் ஏற்றமும் கூடும். ஐந்தாவது நிமிடம் அத்தானின் முகம் மாறியது. வலது கை கம்பியை விட்டுத் தரையை நோக்கிப் போனது. அந்தப் பெண் சட்டென்று தோளைப் பிடித்துக்கொள்ள, டாக்டர் பட்டையை நிறுத்தினார். திரையில் ஈசிஜி கோடு கீழே இறங்கியிருந்தது, இதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்று அதற்கு அர்த்தம்.

“என்னத்த எடுக்கக் குனிஞ்சீக?” என்றார் டாக்டர், அத்தானை உட்கார வைத்துவிட்டு.

“நெல்லு,” என்று சொல்லிவிட்டு, வெறும் தரையைப் பார்த்து அத்தான் திகைத்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனை எடுத்து நேற்றைய படங்களைக் காட்டினேன். ஆறிலும் அவர் குனிந்திருந்தார். டாக்டர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

“நெஞ்சு இறுக்குறப்பத்தான் குனியிறீகளா?”

அத்தான் கடைசிப் படத்தை எட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். “சும்மா நின்னா ஆளுக என்னன்னு கேப்பாக. குனிஞ்சா யாரும் கேக்க மாட்டாக.”

சிரத்தை என்று நான் படம் பிடித்தது அவருடைய வலியை. வெட்கமாக இருந்தது.

இரண்டு நாளில் மதுரையில் ஆஞ்சியோகிராம். மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை விட்டு, மருந்தைச் செலுத்தியதும் ரத்தக்குழாய்கள் கிளை கிளையாகத் திரையில் படர்ந்தன. ஒரு கிளை மட்டும் ஓரிடத்தில் நூலாக இளைத்திருந்தது. அங்கே குழாயை விரித்துத் தாங்க ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். ஒரு மனிதர் ஊர் முழுக்க மறைத்து வைத்ததை அந்தக் கோடுகளிடம் மறைக்க முடியவில்லை என்பதை நினைத்தால் இன்னும் ஆச்சரியம் அடங்கவில்லை.

போகிறவர்களுக்கு: ஈசிஜி முந்நூறு, எக்கோவும் டிரெட்மில்லும் தலா ஆயிரத்து ஐந்நூறு ஆனது. மதியம் ஒன்றரைக்கு எல்லாம் முடிந்தது. பேன்ட்டும் ஷூவும் கொண்டுபோங்கள், தினமும் போடும் மாத்திரைகளை முன்பே சொல்லி, அன்று போடலாமா என்று கேளுங்கள். சும்மா இருக்கும்போதே நெஞ்சு வலித்தால் டெஸ்ட்டுக்கு நாள் பார்க்காமல் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். முதல் இரண்டு டெஸ்ட் நன்றாக இருக்கிறது என்று சட்டையை மாட்டாதீர்கள். முக்கியமாக, வீட்டில் யாராவது நடையில் அடிக்கடி நின்று செருப்பைச் சரிசெய்தாலோ போனைப் பார்த்தாலோ, ஏன் என்று கேளுங்கள்.

டாக்டர் அனுமதித்த பிறகு, ஆவணியில் அத்தான் களத்துக்குத் திரும்பினார். பார்க்கப் போனேன். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிற்காமல் நடந்தார். திரும்பும்போது குனிந்து ஒரு நெல்லை எடுத்தார். எனக்குத் திக்கென்றது, களத்துக்குள் நாலடி ஓடிவிட்டேன்.

அத்தான் நெல்லைக் கடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

“பயப்படாதே மாப்ளே. இது நெல்லுக்குத்தான்.”