சித்தியின் தகர டப்பா

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில், நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்துக்குப் பூதக்கண்ணாடி வந்த வருடம் எனக்கு ஏழு வயது. வயிற்றுப் பூச்சியைக் கண்டுபிடிக்கப் போவதாகச் சொல்லி, ஆளுக்கொரு தகர டப்பாவில் பெயர் எழுதி ஒட்டித் தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து கொடுத்தார்கள். மறுநாள் காலையில் அதில் என்ன கொண்டுவர வேண்டும் என்று தெரிந்ததும் லயமே கூசிப்போனது. எனக்கோ பெருமை தாங்கவில்லை. என் பெயர் போட்ட பொருள் ஒன்று கைக்குக் கிடைத்தது அதுதான் முதல் தடவை.

அப்போது சித்திக்குத்தான் கெட்ட காலம். அம்மாவின் தங்கை, எங்களோடு இருந்து கொழுந்து பறித்தாள், கல்யாணமாகாதவள். அவள் வயிறு கொஞ்சம் உப்பியிருந்தது. பீலியடியில் தண்ணீர் பிடிக்கும் பெண்கள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள்.

"பூச்சின்னா மருந்து குடிக்கட்டும். வேற ஏதாச்சும்னா இந்த வீட்டுல அவளுக்கு எடமில்ல" என்று அப்பா சொல்லிவிட்டார். அன்று சித்தி சோற்றைத் தொடவில்லை.

விடிந்ததும் அம்மா என்னை லயத்துக்குப் பின்னால் கூட்டிப்போய் இரண்டு டப்பாக்களை நீட்டினாள். ஒன்று என்னுடையது, மற்றது சித்தியுடையது. மண் தின்று நான் அடி வாங்காத நாளில்லை. எனக்குப் பூச்சி இருப்பது ஊரறிந்த விஷயம்.

"ரெண்டுலயும் நீயே வெளிக்கி இருடி. யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாது."

மூன்றாம் நாள், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் மேசை போட்டு, பூதக்கண்ணாடியோடு தோட்டத்துக்கு மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா உட்கார்ந்தார். நம்பாதவர்கள் வந்து கண்ணால் பார்க்கலாம் என்றார். சித்தியின் டப்பா வந்தபோது அப்பா போய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். நிமிரவே இல்லை. அம்மா என் கையை நெரித்த நெரிப்பில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"முட்டை முட்டையா கெடக்குதுங்க" என்று கடைசியில் அப்பா நிமிர்ந்தார். அவர் முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்ததில்லை. "பூச்சிதான். போயி மருந்தக் குடி தாயி."

அம்மா ஒன்றை யோசிக்காமல் விட்டிருந்தாள். மருந்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மாட்டார்கள்; அங்கேயே, டிஸ்பென்சர் ஐயாவின் கண்முன்னால் குடிக்க வேண்டும். சித்தியின் கைக்குக் கோப்பை வந்த பிறகுதான் டிஸ்பென்சர் ஐயா வரிசையைப் பார்த்துச் சொன்னார்:

"புள்ளத்தாச்சிங்க யாரும் குடிக்கக் கூடாது. குடிச்சா கரு தங்காது. அவங்க அந்தப் பக்கம் போய் நில்லுங்க."

மூன்று பெண்கள் விலகிப் போனார்கள். மூவர் கழுத்திலும் தாலி இருந்தது. சித்தி அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள். "குடி, குடி" என்று அப்பா அன்பாகத்தான் சொன்னார். சித்தி கோப்பையை வாய்வரை கொண்டுபோனாள். பிறகு அதை மேசையில் வைத்துவிட்டு அந்த மூன்று பேர் பக்கம் நடந்தாள்.

கசப்புக்குப் பயந்துதான் ஓடுகிறாள் என்று நினைத்தேன். நானோ என் பங்கை ஒரே மடக்கில் குடித்து முடித்திருந்தேன். என் பாழாய்ப்போன வாய் சும்மா இருக்கவில்லை. "பயந்தாங்கொள்ளி சித்தி, பயந்தாங்கொள்ளி சித்தி" என்று கைதட்டிச் சிரித்தேன். களத்தில் அத்தனை பேர் இருந்தும் ஒருவரும் கூடச் சேர்ந்து சிரிக்கவில்லை. ஏன் என்று அம்மாவின் முந்தானையை இழுத்து இழுத்துக் கேட்டேன்.