இரண்டாவது சாட்சி

நோன்பு இருபத்தைந்தைத் தாண்டியதும் ஷஹாபுதீன் பரணிலிருந்து சஹனை இறக்கினார். கீழ்வீட்டுக்காரர் பாவாடை ஸ்டூலை ஆடாமல் பிடித்துக்கொண்டார். பழைய புடவையைப் பிரித்ததும் உள்ளே இருந்த செம்புத் தட்டைப் பார்த்துப் பாவாடைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னா பாய் இது, மாட்டு வண்டிச் சக்கரமாட்டம் இருக்குது! இதுல சாப்புடுறதுக்கா, இல்ல ஏறி உக்காந்து போறதுக்கா?"

"பரீதா கொண்டாந்தது. காரைக்கால்லேர்ந்து."

"ஒரு ஆளு இத்த முடிச்சான்னா அவன ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கினு போவணும்."

"ஒரு ஆளு சாப்புடுறதே இல்ல பாவாடை. நாலு பேர் சுத்தி உக்காரணும்."

நான்கு வருஷமாக அந்தச் சஹன் பரணில்தான் கிடந்தது. மனைவி பரீதா மௌத்தான பிறகு அதைச் சுற்றி உட்கார ஆள் இல்லை. ஒரே மகன் ஸாகிப் துபாயில் ஒரு பெரிய ஓட்டலின் சமையலறையில் மேற்பார்வையாளன். மனைவி இஃப்ஃபத்தும் மகள் லமீஸும் அவனோடு அங்கேயே. ஷஹாபுதீன் புதுச்சேரி சாரத்தில் இந்த மாடிவீட்டில் தனியாக இருந்தார். மேட்டுப்பாளையத்தில் பிளாஸ்டிக் குழாய் செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் ஸ்டோர்கீப்பர். ஓய்வு வயது கடந்தும் முதலாளி அவரை விடவில்லை. பாவாடை அதே கம்பெனியில் வாட்ச்மேன். வில்லியனூரைத் தாண்டி அவருக்குக் கொஞ்சம் நிலமும் நிறைய உறவும் இருந்தன. இருவரும் ஒரே பஸ்ஸில் போய், ஒரே பஸ்ஸில் திரும்புவார்கள்.

பெருநாள் பகலில் வீட்டார் எல்லாரும் ஒரே சஹனில் உண்பது பரீதாவின் பிறந்தவீட்டு வழக்கம். அவரவர் தமக்கு முன்னால் இருப்பதைத்தான் உண்ண வேண்டும்; அடுத்தவர் பக்கம் கை போகக்கூடாது. நடுவில் குவிந்திருக்கும் நெய்ச்சோற்றுக்கு மட்டும் தனிச் சட்டம். அந்த வருஷத்தில் வீட்டில் யார் ஒரு படி ஏறினார்களோ அவர்கள் நடுவிலிருந்து முதல் கை எடுப்பார்கள். அதற்கு அப்புறம்தான் மற்றவர்கள் பிஸ்மி சொல்லிக் கை வைக்கலாம். ஸாகிப் குர்ஆன் ஓதி முடித்த வருஷம் அவன் எடுத்தான். பன்னிரண்டாவது தேறிய வருஷமும் அவனே. ஸ்டோர் சாவி தம் கைக்கு வந்த வருஷம் ஷஹாபுதீன் எடுத்தார். பரீதா மட்டும் எப்போதும், "எனக்கென்ன இந்த வருஷம்?" என்று ஒதுங்கிக்கொள்வாள். நாற்பத்தாறு வயதில் ஸ்கூட்டர் பழகி, எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கிய வருஷம் மட்டும் அவள் ஒதுங்கவில்லை. மற்றவர்கள் எடுப்பதைவிட இரண்டு மடங்கு பெரிய கையாக எடுத்தாள்.

இந்த வருஷம் லமீஸின் முறை. எட்டு வயதில் முதல் நோன்பை முழுசாகப் பிடித்துவிட்டாள். அதைப் போனில் சொல்லும்போதே, "தாத்தா, நடுவுல எடுக்குறது நான்தானே?" என்று கேட்டாள். ஸாகிப் அடித்துப் பிடித்து விடுப்பு வாங்கினான். திங்கள் காலை வந்து, புதன் பகல் பெருநாள் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, அன்று இரவே சென்னையில் விமானம் ஏறுவது. வியாழன் காலை அவன் வேலையில் நிற்க வேண்டும். அதற்குமேல் ஒரு நாள் கேட்டால் வேலையே போய்விடும் என்றான்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. துபாயில் நோன்பு ஒரு நாள் முன்னதாகத் தொடங்கியிருந்தது. அங்கே முப்பது முடிந்து புதன்கிழமை பெருநாள் என்பது உறுதி. இங்கே செவ்வாய்க்கிழமை இருபத்தொன்பதாவது நோன்பு. அன்று மாலை பிறை தெரிந்தால் இங்கேயும் புதன் பெருநாள். தெரியாவிட்டால் முப்பதாவது நோன்பு பிடித்து, பெருநாள் வியாழன். அதற்குள் பிள்ளைகள் துபாய் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

ஷஹாபுதீன் பெரிய மார்க்கெட்டுப் பக்கம் போய்ச் சஹனுக்கு ஈயம் பூசி வாங்கி வந்தார். அது முகம் பார்க்கலாம்போல மின்னியது.

திங்கட்கிழமை அவர்கள் வந்தார்கள். வந்த கையோடு லமீஸ் சஹனுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நடுவில் கை எட்டுகிறதா என்று பார்த்தாள். எட்டவில்லை. கீழே ஒரு தலையணையைப் போட்டதும் எட்டியது. அந்த இடத்தை விட்டு அதை யாரும் நகர்த்தக்கூடாது என்று சொல்லிவிட்டாள். தலையணை அங்கேயே கிடந்தது.

செவ்வாய் மாலை நோன்பு திறந்து, மஃரிபு தொழுததும் எல்லாரும் மொட்டைமாடிக்குப் போனார்கள். அக்கம்பக்கத்து மாடிகளிலும் தலைகள் தெரிந்தன. மேற்கே மேட்டுப்பாளையத்துப் பக்கம் வானம் சிவந்திருந்தது. அதன்மேல் அழுக்குப் பஞ்சுபோல மேகம். ஷஹாபுதீன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஸாகிப் லமீஸைத் தோளில் தூக்கி வைத்திருந்தான்.

"தாத்தா! அங்க! அங்க!"

அவள் விரல் போன திசையில் மேகம் கொஞ்சம் விலகியிருந்தது. அங்கே வாழைநார்போல ஒரு வெள்ளைக் கீற்று ஷஹாபுதீன் கண்ணில் பட்டது. பட்டதா? அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி பார்ப்பதற்குள் மேகம் மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு அது விலகவே இல்லை.

"நீங்க பாத்தீங்களா அத்தா?" என்றான் ஸாகிப்.

"என்னமோ தெரிஞ்சுது."

"அப்ப வாங்க, பள்ளிவாசலுக்குப் போயிடலாம்."

வழியெல்லாம் ஸாகிப் பேசிக்கொண்டே வந்தான். பக்கத்துக் கதிர்காமத்திலிருந்து ஒரு பையன் பிறை பார்த்ததாகச் சாட்சி சொல்லியிருக்கிறானாம். பெருநாள் பிறைக்கு இரண்டு சாட்சி வேண்டும். இன்னொருவர் சொன்னால் போதும், ஊருக்கே நாளைக்குப் பெருநாள்.

"ஒரு வார்த்தை அத்தா. பாத்தேன்னு ஒரு வார்த்தை."

பள்ளிவாசல் வாசலில் கூட்டம் நின்றது. தையல்காரர்கள், கறிக்கடைக்காரர்கள், புதுச் சட்டையை எப்போது போடலாம் என்று காத்திருந்த பிள்ளைகள். ஷஹாபுதீன் வருவதைப் பார்த்ததும் வழி விட்டார்கள். இமாமை எல்லாரும் ஹஜ்ரத் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கையில் போனோடு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க பாய். நீங்க சொன்னா யாரும் மறு பேச்சு பேச மாட்டாங்க. கண்ணால பாத்தீங்களா?"

"பாத்த மாதிரி இருந்துச்சு ஹஜ்ரத்."

"மாதிரியா? பாத்தீங்களா?"

பின்னால் ஸாகிப் நின்றான். அவன் மூச்சு விடுவதுகூட ஷஹாபுதீனுக்குக் கேட்டது. லாரியில் வந்த சரக்கைத் தாமே எண்ணாமல் அவர் ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை. டிரைவர்கள் எத்தனையோ கேலி செய்திருக்கிறார்கள். ஆனால் இப்போது அவர் அதையெல்லாம் நினைக்கவில்லை. வீட்டில் சஹன் முன்னால் கிடக்கும் தலையணையைத்தான் நினைத்தார். பாத்தேன் என்ற சொல் தொண்டைவரைக்கும் வந்துவிட்டது.

"புள்ள 'அங்க'ன்னு கத்துச்சு ஹஜ்ரத். அப்புறம்தான் எனக்குத் தெரிஞ்சுது. புள்ள கத்தலன்னா தெரிஞ்சிருக்குமான்னு என்னால சொல்ல முடியல."

ஹஜ்ரத் போனைக் கீழே வைத்தார். "அப்ப வேணாம் பாய்" என்றார் தணிந்த குரலில்.

கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. பிறை உறுதியாகவில்லை, நாளை முப்பதாவது நோன்பு. கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது.

வீட்டுப் படியில் கால் வைத்ததும்தான் ஸாகிப் சொன்னான்: "பைப்புக்குக் கையெழுத்து போடுற மாதிரியே இதுக்கும் போடணுமா அத்தா?"

"இது அதவிடப் பெருசு இல்லியா?"

"அம்மா இருந்திருந்தா பாத்திருப்பாங்க."

அவன் சொன்னது சரியாகவும் இருக்கலாம். பரீதாவுக்குக் கண் கூர்மை. மனசும் துணிச்சல்.

புதன்கிழமை காலை இஃப்ஃபத் ஒரு வழி சொன்னாள். "மாமா, நாங்க பயணம் போறவங்க. எங்களுக்கு நோன்பை விடுறதுக்குச் சலுகை இருக்குல்ல? பகலுக்கு ஆக்கிடறேன். நாங்க மூணு பேரும் உக்காந்துக்கறோம். லமீஸ் முதல் கை எடுத்துடட்டும். நீங்க பக்கத்துல இருங்க, போதும்."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஆனால் லமீஸ் தலையை ஆட்டிவிட்டாள். விடியற்காலை தாத்தாவோடு எழுந்து சஹர் சாப்பாடு சாப்பிட்டிருந்தாள். நோன்புக்கு நிய்யத்தும் வைத்துவிட்டாள்.

"நான் நோன்பு. இது எனக்கு ரெண்டாவது."

"துபாய்ல இன்னைக்குப் பெருநாள்டீ. உன் கூட்டாளிங்க எல்லாம் சாப்புட்டுட்டு இருப்பாங்க" என்றான் ஸாகிப்.

"இது பாண்டிச்சேரி. தாத்தா பக்கம் யார் சாப்புடுவாங்க?"

ஸாகிப்புக்கும் அதற்குமேல் நோன்பை விட மனம் வரவில்லை. பாவாடை படியில் அவனைப் பார்த்து, "தம்பி, உனுக்கு இன்னையோட முப்பத்தொண்ணாமே! நீ புடிச்சது இங்கிலீஷ் மாசமா?" என்றார். அன்று அந்த வீட்டில் எல்லாரும் சிரித்தது அந்த ஒன்றுக்குத்தான்.

மூன்று மணிக்குப் பிறகு வாடகை வண்டி வந்தது. வழியில் நோன்பு திறக்கட்டும் என்று பிளாஸ்க்கில் கஞ்சியும் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழமும் ஷஹாபுதீன் கொடுத்தார். ஸாகிப் அவரைக் கட்டிப்பிடித்தான். ஆனால் பெருநாளுக்குக் கட்டிப்பிடிப்பதுபோல மூன்று முறை தோள் மாற்றவில்லை; ஒருமுறைதான். லமீஸ் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "தலைகாணிய எடுத்துடாதீங்க" என்றாள். வண்டி தெருமுனை திரும்பியது.

மாலையில் தனியாக நோன்பு திறந்தார். கேளம்பாக்கம் பக்கம் வண்டியிலேயே நோன்பு திறந்ததாக இஃப்ஃபத் செய்தி அனுப்பியிருந்தாள். தொழுதுவிட்டு மாடிக்குப் போனபோது பாவாடை காய்ந்த வேட்டியை எடுத்துக்கொண்டிருந்தார். அன்று மேகமே இல்லை. மேற்கே பிறை நன்றாக உயரத்தில் பளிச்சென்று நின்றது.

"யோவ் பாய், இது இன்னிக்குப் பொறந்த நிலாவா? எம்மாம் பெருசு! நேத்தே இருந்துருக்குதுய்யா. நீ பாத்தது நெசந்தான்."

"இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாமா? அம்மாம் தெளிவா தெரியுது! ஒரு வார்த்த சொல்லிருந்தா இந்நேரம் புள்ளைங்கோ சாப்ட்டுட்டு சந்தோசமா போயிருக்கும்."

"நிலா இருந்துச்சான்னு ஹஜ்ரத் கேக்கல பாவாடை. நான் பாத்தேனான்னுதான் கேட்டாரு."

பாவாடை வேட்டியை மடித்துக்கொண்டே அவரைப் பார்த்தார். "உன்ன கட்டிக்கினு அந்தம்மா எப்பிடித்தான் காலந்தள்ளிச்சோ" என்றார். பிறகு கீழே போகாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

வியாழக்கிழமை பெருநாள். ஷஹாபுதீன் குளித்து, அத்தர் பூசி, தொழுகைக்குப் போனார். யார் யாரோ அவரைக் கட்டிப்பிடித்தார்கள். "புள்ள வந்திருக்கான்ல?" என்று கேட்டவர்களிடம், "நேத்து கெளம்பிட்டான்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

கறி நான்கு பேருக்கு வாங்கியிருந்தது. அதனால் நான்கு பேருக்கே ஆக்கினார். நெய்ச்சோறு, கறி, தாளிச்சா. பாவாடையின் தங்கை பேரனுக்கு ஊரில் காதுகுத்து. அவர் அவசரமாக வந்து டிபன் கேரியரை நிரப்பிக்கொண்டார். "உக்காந்து ஒரு வாய் துன்னுட்டுப் போவலாம்னுதான் பாத்தேன் பாய். சீர் வரிசை வெக்கணும், மூணு தடவ போன் பண்ணிட்டாளுங்கோ" என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனார்.

விரிப்பில் சஹனை வைத்துச் சோற்றைப் பரப்பி, நடுவில் குவித்தார். தலையணைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார். முதல் கை எடுக்க ஆள் இல்லை. பிஸ்மி சொல்லிவிட்டுத் தம் பக்கத்திலிருந்தே தொடங்கினார். உப்பு சரியாக இருந்தது. சோற்றில் அவர் பக்கம் மட்டும் கை பட்ட தடம் மெல்லப் பெரிதாகி, நடுக்குவியலின் ஓரத்தில் வந்து நின்றது.

போன் அடித்தது. ஸாகிப். ஓட்டல் உடுப்பிலேயே இருந்தான். பின்னால் பாத்திரங்கள் மோதும் சத்தம்.

"ஈத் முபாரக் அத்தா. சாப்புட்டீங்களா?"

"உக்காந்திருக்கேன். லமீஸ்?"

"தூங்கிட்டு இருக்காளாம். ராத்திரி பிளேன்ல தூங்கவே இல்ல. எழுப்பச் சொல்லட்டுமா?"

"வேணாம், தூங்கட்டும்."

ஸாகிப் எதையோ பார்த்தான். "கொஞ்சம் கீழ காட்டுங்க அத்தா."

அவர் போனைச் சஹன் பக்கம் சாய்த்தார். அந்தப் பக்கம் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள்.

"நேத்து பிறை பெருசா இருந்துச்சாமே" என்றான்.

"ஆமா. நல்ல பெருசு."

"அப்ப நீங்க பாத்தது..."

"தெரியலப்பா. இப்பவும் தெரியல."

"சரி அத்தா. சோத்த வீணாக்காதீங்க. அம்மா திட்டுவாங்க."

சஹனில் ஒரு பருக்கை மிஞ்சக்கூடாது என்பதும் பரீதா வீட்டுச் சட்டம்தான். மற்ற மூன்று பக்கத்துச் சோற்றையும் வழித்துப் பாத்திரத்தில் போட்டு, அடுத்த தெருவில் பெருநாள் ஆக்காத ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். நடுக்குவியலை மட்டும் ஒரு மூடியால் கவிழ்த்து வைத்தார்.

அதை மஃரிபுக்குப் பிறகு எடுத்தார். சோறு ஆறி, நெய் உறைந்து விரலில் வெள்ளையாக ஒட்டியது. முதல் கையாகப் போயிருக்க வேண்டிய சோற்றைக் கடைசிக் கையாகச் சாப்பிட்டு, ஒரு பருக்கை விடாமல் வழித்தார்.

சஹனைத் தேய்த்துக் கழுவித் துடைத்துப் புடவையில் சுற்றினார். பரணைப் பார்த்தார். பாவாடை ஊரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். ஸ்டூலைப் பிடிக்க ஆள் இல்லை. சஹனைச் சுவரோரமாக, தலையணைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு விளக்கை அணைத்தார்.